நான்காவது துளை

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இன்று இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறோம். எனக்கும் சென்ற ஆண்டு டாக்டர் ஒன்று எழுதிக் கொடுத்தார். துணியும் ரப்பரும் கலந்த பட்டை அது. முனையை முனைமேல் வைத்தால் தானே ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் கர்ரென்று பிரிந்துவிடுகிறது. மருந்துக்கடைப் பெண் அதை என் இடுப்பில் சுற்றி, "நல்லா இறுக்கிப் போடுங்கம்மா, அப்பத்தான் பலன்" என்றாள். நான் இறுக்கவில்லை. அவள் திரும்பப் போட்டுக் கொடுத்த உறையோடேயே அது பீரோவுக்குள் கிடக்கிறது. ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு, அரிக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். மெய்யான காரணத்தை என்னோடு ஒத்த வயதினரிடம் மட்டுமே சொல்ல இயலும். இளையவர்களிடம் சொன்னால் உடனே ஆறுதல் கூறத் தொடங்கிவிடுவார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அந்த வகுப்போடு என் பள்ளிப் படிப்பும் முடிந்தது. பிற்பாடு படித்ததெல்லாம் நூலகத்தின் தயவு. எங்கள் வீடு அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தது. அப்பா அரிமளத்துக் கடலை மண்டியில் மூட்டை தூக்குபவர். ஐப்பசி மழை ஓய்ந்து கடலை பிடுங்கத் தொடங்கிவிட்டால் வட்டாரம் முழுவதும் பச்சைக் கடலையின் மண்வாசம்தான். மண்டி வாசலில் லாரிகள் காத்துக் கிடக்கும். அப்பா வீடு திரும்பும்போது காது மடலுக்குள் செம்மண் இருக்கும். கழுத்தில் சாக்கு உராய்ந்த தடம் இருக்கும்.

மண்டியில் எட்டுப் பேர் கொண்ட குழு. அந்த எட்டு இடத்திற்கும் காத்திருந்தவர்கள் பலர். ஒரு பருவம் வேலைக்கு வராதவனின் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்; பிறகு அவன் வந்து நின்றாலும் ஒதுக்க இடமில்லை. இதை யாரும் எழுதிவைத்ததில்லை. எழுதாத விதி என்பதாலேயே யாரிடமும் முறையிடவும் வழியில்லை.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் அப்பாவின் தொப்புளுக்கு மேல் ஒரு புடைப்பு தோன்றியது. முதலில் இலந்தைப்பழம் அளவு. ஆவணியில் எலுமிச்சம்பழம். மல்லாந்து படுத்து உள்ளங்கையால் அமுக்கினால் கொளக்கென்று உள்ளே போய்விடும். எழுந்து இருமினால் மறுபடி வெளியே வரும். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் என் ஆத்தாவும் போனார்கள். எங்கள் பக்கத்தில் பெற்றவளை ஆத்தா என்றுதான் அழைப்போம். "ஆபரேஷன் பண்ணிக்கிறணும், பண்ணிட்டு ஆறு மாசம் கனம் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னாராம்.

திரும்பி வந்த அப்பா வாசலில் உட்கார்ந்து கால் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

"ஆறு மாசமா? கடலையே முடிஞ்சு போயிருமே" என்றார்.

"உசுரு இருந்தா அடுத்த கடலை பாக்கலாம்" என்றாள் ஆத்தா.

"அடுத்த கடலைக்கு என் எடத்துல எவனோ நிப்பான். அதுவும் போக, கத்தி பட்ட வயித்துக்கு மூட்டை தாங்குமாடி?"

இந்த இடத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். ஆத்தாவுக்கு மூத்தவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் அணிவகுப்பில் நிற்பவனை ஆராய்வது போலத் தலை முதல் கால் வரை பார்ப்பார். அவர் அப்பாவின் வயிற்றை இரு விரலால் தொட்டுப் பார்த்துத் தீர்ப்பு வழங்கினார்.

"மாப்ள, இதுக்கு எதுக்குக் கத்தி? உள்ள போற வஸ்து உள்ள நிக்க மாட்டேங்குது, அம்புட்டுதானே? நிக்க வப்போம். பட்டாளத்துல முதுகுல மூட்டையோட மலையேறினோம். இடுப்புல பெல்ட்டு சரியா இருந்தா எதுவும் அசையாது. ஆனா தோல் நல்ல தோலா இருக்கணும். நான் பாத்து வாங்கித் தாரேன்."

டாக்டரின் பேச்சில் அச்சம் இருந்தது; மாமாவின் பேச்சில் ஒரு பொருள் இருந்தது, போய் வாங்கக்கூடிய ஒரு பொருள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய நிம்மதி என்பது இன்றுதான் புரிகிறது.

புரட்டாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நால்வரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனோம். கடைத்தெருவின் ஓரத்தில் தோல் சாமான் விற்கும் சிறு கடை. கூரையிலிருந்து பெல்ட்டுகள் பாம்பு பாம்பாகத் தொங்கின. தோலும் மெழுகும் வார்னிஷும் கலந்த அந்த வாசம் எனக்குப் புதிது. உள்ளே போனதுமே பசித்தது, ஏனென்று தெரியவில்லை.

மாமா பதினேழு பெல்ட்டுகளைக் கழற்றச் செய்தார். ஒவ்வொன்றையும் முதலில் முகர்ந்தார். ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒரே தோலா, இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே அட்டை வைத்து ஒட்டியதா என்று பார்த்தார். மடக்கி அமுக்கினார். மேல்பூச்சு வெடித்தவற்றைத் தனியே தள்ளினார். எச்சில் தொட்டு வைத்து, தோல் ஈரத்தை உறிஞ்சுகிறதா என்று கவனித்தார். நகத்தால் கீறினார். தையலின் நூலை இழுத்துப் பார்த்தார். பித்தளைக் கொக்கியைக் காதருகே கொண்டுபோய்ச் சுண்டினார்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஐயா, இந்த எருமை உசுரோட இருக்கையில சந்தையில வாங்குனவன்கூட இப்படிப் பல்லைப் புடிச்சுப் பாத்திருக்க மாட்டான்" என்றார்.

"அவன் ஏமாந்திருப்பான். நான் ஏமாற மாட்டேன்" என்றார் மாமா.

அப்பா சிரித்தார். சிரிக்கும்போது கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

கடைசியில் ஒன்று தேறியது. நான்கு விரல் அகலம், ஒரே தோல், கரும்பழுப்பு நிறம், இரட்டைத் தையல், ஐந்து துளைகள், ஒவ்வொன்றுக்கும் பித்தளை வளையம். மாமா ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையை இரு கையாலும் இழுத்தார். கழுத்து நரம்புதான் புடைத்தது, தோல் நீளவில்லை.

"மூட்டை தூக்குறவருக்கு இம்புட்டு அகலம் வேணாமே. குனியயில வயித்தைக் கடிக்குமே" என்றார் கடைக்காரர்.

"கடிக்கணும்யா. அதுக்குத்தான் வாங்குறோம்."

"இது தாங்குமாண்ணே?" என்று ஆத்தா கேட்டாள்.

"ஒம் புருசனுக்கப்புறம் ஒம் மருமகன் கட்டுவான். போதுமா?"

நான் அந்தப் பெல்ட்டைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பெல்ட் தாங்குமா என்று ஆத்தா கேட்டாள், மாமா சோதித்தார், மாமாவே உறுதியும் சொன்னார். வயிறு தாங்குமா என்ற கேள்வி எங்கள் நால்வரில் ஒருவருக்கும் எழவில்லை.

அதை அணிவதற்கு ஒரு முறை இருந்தது. அப்பா பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். புடைப்பை இரு உள்ளங்கைகளாலும் உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை எடுத்தால் வெளியே வந்துவிடும் என்பதால் பெல்ட்டை வேறொருவர்தான் மாட்ட வேண்டும். ஆத்தா விடியுமுன்னே வயல் வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

விளக்கெண்ணெய் தடவி நான் அந்தத் தோலைப் பதப்படுத்தினேன். அப்பா படுத்ததும் முதுகுக்கடியில் பெல்ட்டை நுழைப்பேன். அவர் மூச்சை முழுவதும் வெளியே விட்டுத் தரையில் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டுவார். அதுதான் சைகை. நான் இழுப்பேன். அவர் கைகளைச் சட்டென்று உருவிக்கொள்வார். கொக்கி முள் மூன்றாவது துளைக்குள் டக்கென்று விழும். "பூட்டியாச்சு, வண்டி கெளம்பலாம்" என்பார். எழுந்து நின்று இரண்டு முறை குதித்துக் காட்டுவார். நான் கைதட்டுவேன்.

ஐம்பது நாள் இருக்கும். புடைப்பு வெளியே வரவில்லை. ஊரார் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். மண்டியில் அப்பாவைக் குழுக்காரர்கள், "என்ன மிலிட்டரி, எல்லையில சண்டை எப்படி?" என்று கேலி செய்தார்களாம். மாமா தெருவில் சற்று நிமிர்ந்தே நடந்தார். "கத்தி வக்கணும்னான். பாத்தீங்களா?" என்று டாக்டரின் முகம் தெரியாதவர்களிடமும் சொன்னார். எனக்கோ அப்பாவை நானே ஒவ்வொரு நாளும் செய்து அனுப்புவது போன்ற பெருமிதம். பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதே இனிப்பாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை. அப்பா இரவு சாப்பிட்டது செரிக்கவில்லை என்று விடியற்காலையில் ஒருமுறை வாந்தி எடுத்திருந்தார். ஆத்தா கிளம்பிப் போய்விட்டாள். மழைக்கு முன் ஏற்ற வேண்டிய லாரிகள் நிற்பதாக மண்டியிலிருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பா பாயில் படுத்து அமுக்கினார். புடைப்பு உள்ளே போகவில்லை. மறுபடி அமுக்கினார். நான் தொட்டுப் பார்த்தேன். நேற்றுவரை பழம்போல் இருந்தது இன்று கல்போல் இருந்தது. தோல் பளபளவென்று சிவந்திருந்தது.

"அப்பா, போக மாட்டேங்குதே."

"குளிரு. அதான் எறுகிக் கெடக்கு. மேலயே வச்சு இழு தாயி. நடக்க நடக்கத் தானா உள்ள போயிரும்."

குதிகால் தட்டிற்று. நான் இழுத்தேன். மூன்றாவது துளை எட்டவில்லை. "முட்டியை ஊனி இழு" என்றார். அவர் விலாவில் முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். தோல் விளக்கெண்ணெயில் வழுக்கிக்கொண்டு வந்தது. முள் மூன்றைத் தாண்டி நான்காவது துளைக்குள் விழுந்தது. அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை அவரிடம் நான் கேட்டிராத சத்தம்.

"நாலுல விழுந்துருச்சுப்பா. அவுத்து மாத்தவா?"

அவர் பெல்ட்டின் மேல் கையை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "இருக்கட்டும். நேரமாச்சு" என்று பக்கவாட்டில் உருண்டு எழுந்தார். அன்று குதித்துக் காட்டவில்லை.

பள்ளியில் இரண்டாவது மணி அடித்த பிறகு மாமாவே வகுப்பு வாசலில் வந்து நின்றார். மண்டியின் லாரி ஒன்றில் காலிச் சாக்குகளைப் பரப்பி அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ஐந்தாவது மூட்டையில் விழுந்துவிட்டாராம். வழியில் வயலோரம் லாரியை நிறுத்தி ஆத்தாவை ஏற்றினோம். அவள் கை இரண்டும் மண், கழுவக்கூட நேரமில்லை. புதுக்கோட்டை வரையில் அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். அந்த மண் அவர் நெற்றியில் உலர்ந்து வெடித்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் பெல்ட்டை அகற்ற முயன்றார்கள். வயிறு அதற்குள் ஊதிப்போயிருந்தது. கொக்கியைப் பின்னுக்கு இழுத்தால்தான் முள் கழலும், இழுக்க இடமில்லை. கம்பவுண்டர் கத்தரி கொண்டுவந்தார். வாய் பிளந்த கத்தரி தோலின் மேல் வழுக்கியதே தவிர வெட்டவில்லை. வேறொரு பெரிய கத்தரி வந்தது. அதுவும் ஓரத்தைக் கடித்து நின்றுவிட்டது. "என்னய்யா தோல் இது?" என்று அவர் வியர்த்துப்போய்க் கேட்டார். இரட்டைத் தையல், ஒரே தோல், அட்டை கலவாதது. எங்கள் நால்வருக்கும் விடை தெரியும்.

அப்பா கண் திறந்தார். "அறுக்காதீங்க சார்" என்றார். "நல்ல பெல்ட்டு. மெதுவா அவுத்துக்கலாம்."

பிளேடு வைத்து ஒரு பக்கமாக இழைத்து இழைத்து அறுத்தார்கள். அது அறுபட்டபோது டாக்டர் குனிந்து பார்த்தார். புடைப்பு கருநீலமாக இருந்தது. அவர் நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாருய்யா இதை இப்படி இறுக்கி மாட்டுனது? பிதுங்குன குடலை உள்ள தள்ளாம, மேல வச்சு அமுக்கியிருக்கீங்க. ரத்தமே போகல. யாரு மாட்டுனது?"

என் வாய் திறந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். என் வாய் திறந்தது.

"நான்தாங்க" என்றார் மாமா. "காலையில நாந்தான் வந்து மாட்டிவிட்டேன்."

ஆத்தா திரும்பி அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாமா அன்று காலையில் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர் பார்வை டாக்டரின் மேலேயே இருந்தது, மேலதிகாரியின் முன் நிற்கிறவரைப் போல, கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன.

அறுவை செய்தார்கள். கெட்டுப்போன குடலை எடுத்தார்கள். மூன்றாம் நாள் பிற்பகல் அப்பா இறந்தார்.

சாவு வீட்டில் ஆத்தா தன் அண்ணனைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் ஒன்றுதான். "கத்தி வேணாம்னதும் நீ, வாங்கிக் குடுத்ததும் நீ, இறுக்குனதும் நீ." அதன் பின் அவரோடு பேசவில்லை. முதல் இரண்டும் உண்மை என்பதால் மூன்றாவதை ஒருவரும் ஐயுறவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று மாமா கொல்லைப்புறத்தில் தனியாக விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் அருகில் போனேன்.

"மாமா, நீங்க அன்னைக்கு வரவே இல்லையே."

கோடரி நின்றது. "வந்தேன்."

"இல்ல மாமா. நாந்தான் மாட்டினேன். நாலாவது ஓட்டையில…"

"நீ தூங்கிக்கிட்டு இருந்த தாயி" என்றார். "நான் வந்தேன். மாட்டினேன். போனேன். நீ தூங்கிக்கிட்டு இருந்த."

"மாமா…"

"தூங்கிக்கிட்டு இருந்த. போ, அங்கிட்டுப் போயி ஆத்தாவுக்குத் தண்ணி கொண்டு போயிக் குடு."

மறுபடி கோடரி விழுந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆத்தா குடிக்கும்போது அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவளுக்குப் புருஷனோடு பிள்ளையும் போய்விடும் என்று நினைத்தேன். இவ்வளவு தெளிவாக அன்று நினைத்தேனா, அல்லது இத்தனை ஆண்டுகளில் நினைத்ததாக ஆக்கிக்கொண்டேனா, என்னால் பிரித்தறிய முடியவில்லை. சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி.

மாமாவின் கணக்கில் ஒரு பிழை இருந்தது. ஆண்பிள்ளை, வயதானவர், பழி தன்னோடு கிடந்து காலத்தில் மக்கிவிடும் என்று எண்ணியிருப்பார். மூன்றே மாதத்தில் நான் பெரியவளாவேன் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் வழக்கத்தில், பெண் சமைந்தால் தாய்மாமன்தான் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றும்போது உடுத்தும் முதல் சேலையும் அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். துக்க ஆண்டு என்பதால் மேளமில்லை, பந்தலில்லை. ஆனால் மாமன் இல்லாமல் சடங்கு இல்லை. ஆத்தா தூரத்து முறையில் அண்ணனாகும் ஒருவரை அழைத்துக் குடிசை கட்டச் சொன்னாள். அவர் கூச்சத்தோடு நாலு ஓலையைச் சாய்த்துவிட்டுப் போனார். பதினைந்து நாளும் அந்த ஓலை சரிந்துகொண்டே இருந்தது.

பதினாறாம் நாள் காலையில் மாமா வந்தார். சலவைச் சட்டை. தலையில் ஒரு தாம்பாளம். அதில் மஞ்சள் பட்டுச் சேலை, தேங்காய், பழம், பூ. பின்னால் யாரும் இல்லை. ஏழு தட்டு, ஒன்பது தட்டு என்று உறவு சூழ வரவேண்டிய சீரை ஒற்றை ஆளாகச் சுமந்து வந்தார். பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஆத்தா வாசலை மறித்து நின்றாள்.

அப்பாவுடன் பிறந்த அத்தை மெல்லச் சொன்னாள். "மதினி, சாவு எங்க வீட்டுச் சாவு. நாங்களே அவரை ஒண்ணும் கேக்கல. தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது."

மாமா தாம்பாளத்தை இறக்காமலே பேசினார். "எம்மேல கோவத்தை வச்சுக்க. சாகுற வரைக்கும் வச்சுக்க. பிள்ளைக்குச் செய்யிறத மட்டும் தடுக்காத. எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்."

ஓலை இடுக்கு வழியாக நான் ஆத்தாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேலை போர்த்திய அந்த முதுகு வாசலைவிட்டு அசையவில்லை.

"அந்தக் கை தொட்டது எதுவும் எம் பிள்ளை மேல படக் கூடாது" என்றாள்.

நான் எழுந்தேன். ஓலை தலையில் இடித்துச் சரிந்தது. "உக்காருடி, வெளிய தலை காட்டாத" என்று யாரோ அதட்டினார்கள். மாமா குடிசைப் பக்கம் திரும்பினார். இடுக்கில் என் கண் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாம்பாளத்தைத் தாங்கிய தலையை அவரால் அசைக்க முடியாது. அசைத்தால் தேங்காய் உருளும். கண்ணிமைகளை மட்டும் ஒருமுறை அழுத்தி மூடித் திறந்தார். நான் உட்கார்ந்தேன்.

அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். தெருமுனை வரையில் தாம்பாளம் கொஞ்சமும் சாயவில்லை.

தூரத்து மாமன் தந்த வேறொரு சேலையை எனக்கு உடுத்திவிட்டார்கள். அத்தை வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு என் முன் வந்து உட்கார்ந்தாள். சடங்கில் முதலில் பெண்ணின் வலது கையில்தான் அதை வைப்பார்கள்.

"கையை நீட்டு தாயி" என்றாள்.

நான் நீட்டவில்லை. முந்தானைக்குள் விரல்கள் மடங்கிக் கிடந்தன.

"வெக்கத்தப் பாரு" என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆத்தாவும் அப்பா இறந்த பின் முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்தபடியே வந்து என் கையைப் பற்றி முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தானே விரித்தாள். அந்த உள்ளங்கையில் மஞ்சள் தடவி, குனிந்து, முத்தமிட்டாள்.